வரிக்கரட்டின் வயது

தவமணி சார் இறந்துபோனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விருதுநகர் பஸ் நிலையத்துச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசை ஈரம்கூடக் காயவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ‘பாறை’ தவமணி என்று பட்டப்பெயரோடு அச்சடித்திருந்தார்கள். அவருடைய அக்கா மகன் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை பார்க்கிறான். காலண்டர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு மாமாவுக்கு அடித்திருக்கிறான்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு போன் போடக்கூடாதா? பிறகுதான் உறைத்தது, யார் போடுவார்கள்? செல்போனில் ஒரு பெயரைக்கூடப் பதிந்துவைக்காத மனிதர் அவர். எல்லா எண்ணும் தலைக்குள்தான் இருக்கும். அந்தத் தலையைத்தான் முந்தின நாள் சாயங்காலம் திருத்தங்கல் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்திருந்தார்கள். மாரடைப்பு. அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் இலையில் சோறு விழுவதற்குள் சாய்ந்துவிட்டார்.

அடுத்து என் கண் செய்த வேலையைச் சொன்னால் என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் போஸ்டர் எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தது. அடியில் ஒரு காதணி விழா, அதற்கும் அடியில் போன தேர்தல். சீ, என்ன பிறவி நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் இந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தவரே அவர்தான், அதுவும் இதே சுவருக்கு முன்னால் நின்று. அன்றைக்கு நாங்கள் போகவேண்டிய காரியாபட்டி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் பாட்டுக்குச் சுவரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். “மேல இருக்கறது புதுசு, அடியில இருக்கறது பழசு, இது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிழிசலப் பாருங்க டீச்சர். இருக்கன்குடித் திருவிழாவையும் அதுக்கு அடியில உள்ள ஜவுளிக்கடையையும் கிழிச்சிருக்கு. மேல உள்ள சினிமாவத் தொடல. அப்ப கிழிச்சவன் எப்ப வந்தான்? திருவிழாவுக்குப் பிந்தி, சினிமாவுக்கு முந்தி. பூமியோட சரித்திரத்தப் பூராவும் இப்படித்தான் கண்டுபிடிச்சிருக்காக.” பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடைகளிலும் கிணற்று வெட்டுகளிலும் அலைந்தவர்களே, உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கத்தில் நிலத்தடி நீர் பார்க்கும் நிலவியலாளர். அப்பா அம்மா ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள், பிறகு தீப்பெட்டி ஆபீஸுக்கும் வெடி ஆபீஸுக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவர் இவர். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக் குன்று. சாம்பல் நிறப் பாறையில் வெள்ளை வெள்ளையாய் வரி ஓடும். வரிக்கரடு என்று பெயர். அதன் அடியில்தான் என் தம்பி முருகேசனின் மிளகாய்க் காடும் கிணறும் இருக்கின்றன.

தம்பிதான் அவரை முதலில் கூட்டிவந்தான், கிணற்றில் பக்கவாட்டில் துளை போட்டால் தண்ணீர் வருமா என்று பார்க்க. சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். “தண்ணி பாக்க வந்த ஆளு கரட்டப் பாத்துக்கிட்டே நிக்காருக்கா. சாப்பிடக் கூப்ட்டாலும் வர மாட்டேங்காரு.” நான் போனபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. அந்த வெள்ளை வரி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த சுண்ணாம்புச் சேறு என்றும், பிறகு அது பல மைல் ஆழத்துக்குப் போய் வெந்து மறுபடி மேலே வந்திருக்கிறது என்றும் சொன்னார். பக்கத்துப் பாறையிலிருந்த சிவப்பு மணிகளைக் காட்டி, அவ்வளவு ஆழத்து அழுத்தத்தில்தான் இந்த மணி விளையும் என்றார். காரியாபட்டியில் கடலா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உட்காரவே தெரியாத மனிதர். நால்வழிச் சாலை வேலை நடந்த காலத்தில் அவரோடு பஸ்ஸில் போனவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். சாலைக்காகப் புதிதாக வெட்டிய மேடு ஒன்று ஜன்னலில் தெரிந்தால் போதும், எழுந்து விசிலடித்து நிறுத்திவிடுவார். ஒரு கண்டக்டர், சாருக்கு வயிறு சரியில்லை போல என்று பஸ்ஸையே காக்கவைத்தார். ஒரு கல்லோடு திரும்பி வந்தவரைப் பார்த்து அந்தக் கண்டக்டர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கடல் எப்போது இருந்தது? சுண்ணாம்புக் கல்லிடம் நேராகக் கேட்டால் சொல்லாது. ஆனால் கரட்டில் ஒரு சிவப்புக் கருங்கல் நரம்பு வரிகளுக்குக் குறுக்கே போகிற மாதிரித் தெரிந்தது. உருகி நுழைந்து இறுகிய கல் அது. நிஜமாகவே குறுக்கே போயிருந்தால், போஸ்டர் கிழிசல் கணக்குப்படி, கடல் அந்தச் சிவப்புக் கல்லுக்கு முந்தியது. சிவப்புக் கல்லுக்குள் சிர்கான் என்று கண்ணுக்குத் தெரியாத மணிகள் உண்டு. பிறக்கும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. போகப் போக யுரேனியம் ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். இயற்பியல் டீச்சரான எனக்கே அவர் இதை வெடித் திரியை வைத்துத்தான் விளக்கினார். திரி எவ்வளவு எரிந்திருக்கிறது, என்ன வேகத்தில் எரியும் என்று தெரிந்தால், எப்போது பற்றவைத்தான் என்று சொல்லிவிடலாம் என்பார். இருபது வருடமாகப் பாடம் நடத்தும் நான் அதற்குப் பிறகு வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன்.

கல்லை இடித்துச் சலித்து மணியைப் பிரிக்க அவரிடம் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. இரும்பு உரலில் இடித்தார். அரிசியில் கல் அரிப்பதுபோல் தட்டில் தண்ணீர் விட்டு அரித்தார். நாம் அரிசியை வைத்துக்கொண்டு கல்லைக் கொட்டுவோம், அவர் கனமாக அடியில் தங்குவதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டினார். சலிப்பதற்கு அக்கா பாக்கியத்தின் வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சல்லடை. வெடிமருந்து சலிப்பவர்கள் வீட்டுச் சல்லடை, மாவைவிட நைசாக விழும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சலிப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவருக்கு ஒரே பெருமை. நன்றாகக் கழுவித்தான் சலித்தார், நானே பார்த்தேன்.

மணிகள் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. அந்தச் சமயத்தில்தான் கரட்டை ஜல்லிக்கு உடைக்க ஒருவர் விண்ணப்பம் போட்டிருந்தார். தம்பிக்குத் தூக்கம் போச்சு. கிணறு கரட்டுக்கு அவ்வளவு பக்கம், வெடி வைத்தால் தாங்காது. முடிவு வந்தது: சில மணிகளுக்கு வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டு. அப்படியானால் கடல் அதற்கும் முந்தியது! பேப்பரில் ‘தமிழகத்தின் மிகப் பழைய கடல் காரியாபட்டி அருகே’ என்று போட்டார்கள். விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார்கள். தம்பி டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். என் ஊருக்கு அப்படியொரு மவுசு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

அவர் மட்டும் நிலைகொள்ளாமல் அலைந்தார். மணிகளைப் பெரிதாக்கி எடுத்த படங்கள் பிறகு வந்தன. அதை எடுத்துக்கொண்டு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பாதிப் பாடத்தில் வெளியே வந்தேன். சின்ன வயது காட்டிய மணிகளெல்லாம் முனை கூராக இருந்தன. கிழட்டு மணிகள் எல்லாமே உருண்டை, மேலெல்லாம் குத்துக் குத்தாய்ப் பள்ளம்.

“இது கல்லுக்குள்ளேயே கெடந்த மணி இல்ல டீச்சர். தண்ணியில உருண்டு வந்தது.”

உருகிய கல் பழைய மணி ஒன்றை விழுங்கியிருக்கலாமே, அப்படி நடக்குமென்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு நேராகத் திருத்தங்கலுக்கு மொபெட்டை விட்டார். அக்கா வீட்டில் அந்தச் சல்லடையை ஒரு வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துத் தட்டியிருக்கிறார். பித்தளை வலையும் மர வளையமும் சேரும் இடுக்கிலிருந்து பொடி மணல் உதிர்ந்தது. பாக்கியம் அக்கா ஒரு காலத்தில் வீட்டில் வெங்காய வெடி கட்டியவர். தரையில் வீசினால் வெடிக்குமே, இப்போது செய்யக்கூடாதென்று நிறுத்திவிட்டார்களே, அதுதான். அதில் மருந்தோடு உரசுவதற்குப் பருமணல் போடுவார்கள். வைப்பாற்று மணலைத் தூசி போக இந்தச் சல்லடையில்தான் சலித்திருக்கிறார். எங்கிருந்தோ எந்தெந்த மலையிலிருந்தோ ஆற்றோடு உருண்டு வந்த மணிகள் அந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தன. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அதே உருண்டை, அதே பள்ளம். உலகத்தில் வேறெந்த நிலவியலாளருக்கும் இப்படியொரு தப்பு நேர்ந்திருக்காது.

அப்போது இது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவர் என்ன செய்தார் தெரியுமா? பேப்பருக்கு எழுதிப்போட்டார். அதோடு விட்டாரா? திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் போய் நின்றார். பட்டா, பென்ஷன், குடிதண்ணீர் என்று எல்லோரும் கேட்க வந்த இடத்தில் இவர் மட்டும் கொடுத்ததைத் திருப்பிவாங்க வந்திருந்தார். மனு வாங்கியவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் வேண்டாம், நான் சொன்னது தப்பு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள் போதும் என்றார் இவர். எந்தக் கட்டில் சேர்ப்பதென்று தெரியாமல் அந்தத் தாள் மேஜைக்கு மேஜை அலைந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நாக்கு நிற்கவில்லை. ஒரு பொய்கூட நீங்கள் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தால் போதுமே, கரடு தப்பித்துப் போகட்டுமே என்று கத்தினேன். தம்பி கிணறு இடிந்தால் நீங்கள் வந்து கட்டித்தருவீர்களா என்றேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தார்.

“கல்லுக்கு வாய் கிடையாது டீச்சர். அதுக்காக நாமதான் பேசுறோம். நம்ம வாயில பொய் வந்துட்டா, அதுக்கு வேற வாய்க்கு எங்க போறது?”

அந்த மனிதரோடு இனிப் பேச்சில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் நினைத்தது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

தடை நீங்கிக் குவாரி வந்தது. தினமும் மத்தியானம் வெடி. மிளகாய்ச் செடியில் மாவு கொட்டினதுபோல் தூசி. கிணற்றுச் சுவரில் கீறல் விழுந்தது. தம்பி அவரைத் திட்டாத நாளில்லை. தீப்பெட்டி ஆபீஸ் ஆளை நம்பினால் இப்படித்தான் என்று ஒருநாள் சொன்னான். அதற்கு மட்டும் அவனை நான் அடிக்கப் போய்விட்டேன். அவரை நான் திட்டலாம், இவன் யார் அந்த மாதிரிப் பேச? இதற்கு நடுவில் அவர் புதுச் சல்லடை வாங்கி, மறுபடி இடித்து, மறுபடி அனுப்பி, சிவப்புக் கல்லுக்கு வயது ஐம்பத்தைந்து கோடி ஆண்டு என்று தெரிந்துகொண்டார். கிழட்டு மணி ஒன்றுகூட இல்லை. அந்தச் செய்தியை எந்தப் பேப்பரும் போடவில்லை.

பாதிக் கரடு போனபிறகு பள்ளத்தில் ஊற்று அடித்தது. தண்ணீரை இறைத்துக் கட்டுப்படியாகாமல் வேலையை நிறுத்திவிட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் இவர், முழங்கால்வரை சேறு.

“கோவத்த அப்புறமா வச்சுக்குவோம் டீச்சர். அங்கன ஒரு சுவரு தெரியுது. வந்து பாத்துட்டு எம்புட்டு வேணாலும் திட்டுங்க.”

போனேன். பள்ளத்தின் வடக்குப் பக்கம், வெட்டின பாறை சுவர்போல் நின்றது. அதில் சிவப்பு நரம்பு தெளிவாக மேலேறிப் போனது. வெளியே மண் மூடிக்கிடந்தபோது, குறுக்கே போகிறதா பக்கத்தில் உரசிக்கொண்டு போகிறதா என்று அவருக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்ததாம். இங்கே சந்தேகமே இல்லை. சிவப்புக்குள் நடுவில் ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு மாட்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கல். விழுங்கப்பட்டது விழுங்கினதுக்கு முந்தி இருந்தே ஆக வேண்டும். கடல் முந்தி, சிவப்புக் கல் பிந்தி. அவர் அந்தத் துண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்து அவர் அசையாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

வெட்டினால்தான் உங்களுக்குச் சந்தோஷமா என்று கேட்டேன். “வெட்டலன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது. வெட்டினதுல பாதி போச்சு. ரெண்டும் நெசம், நான் என்ன செய்ய?” என்றார். எவ்வளவு முந்தின கடல் என்று கேட்டேன். ஐம்பத்தைந்து கோடிக்கு முந்தி. அதற்கும் எவ்வளவு முந்தி? “அம்புட்டுதான் தெரியும் டீச்சர். மிச்சம் தெரியாது.” அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் திரும்பினேன். ஆனால் அதிலிருந்து மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போக ஆரம்பித்தேன்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன் என்றால், அவர் போன அடுத்த வாரமே மிச்சப் பாதிக் கரட்டுக்கு வேறொருவர் போட்டிருந்த விண்ணப்பத்தின் மேல் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். முதலில் போவது அந்தச் சுவர்தான். அடுத்தது தம்பியின் கிணறு. முருகேசன் காலையிலேயே விருதுநகருக்கு வந்துவிட்டான். கையில் அந்தப் பழைய பேப்பர், லேமினேஷன் போட்டுப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். மிகப் பழைய கடல். இதைக் காட்டுக்கா என்றான். அவர் தப்பென்று எழுதிக்கொடுத்தாரே என்றேன்.

“அவருதான் போய்ட்டாரேக்கா. அந்த மனு எந்த மூலையில கெடக்கோ. யாரு கேக்கப் போறா?”

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, யாரும் கேட்கப் போவதில்லை. அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது நூறு தடவை பையைத் திறந்து மூடியிருப்பேன். வெளியே சாலை வெட்டு ஒவ்வொன்றாகப் போனது. விசிலடிக்க ஆளில்லை.

மண்டபத்தில் என் முறை வந்தது. கிணற்றுக் கீறலைச் சொன்னேன், தூசியைச் சொன்னேன். அந்தச் சுவரில் என்ன தெரிகிறது என்று போஸ்டர் கணக்கிலேயே சொன்னேன். கூட்டம் நடத்திய அதிகாரி நல்ல மனிதர், ஆர்வமாகத்தான் கேட்டார்: “அப்ப தமிழ்நாட்டுலயே பழைய கடல் இதுதானாம்மா?” முன் வரிசையில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை. என் கை பைக்குள் இருந்தது. தவமணி சாரை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன்.

“இல்ல சார்” என்றேன். “அந்தச் செவப்புக் கல்லுக்கு அம்பத்தஞ்சு கோடி வருஷம். கடல் அதுக்கு முந்தி. எம்புட்டு முந்தின்னு தெரியாது. அம்புட்டுதான் தெரியும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை, வரும்போது எப்படி வருமோ. தம்பி என்னோடு பேசுவதில்லை, தனியாகத்தான் திரும்பினேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கினால், அவர் போஸ்டரின் ஒரு ஓரத்தின் மேல் யாரோ பூப்புனித நீராட்டு விழாவை ஒட்டியிருந்தார்கள். ஒட்டட்டும், சுவர் என்றால் அப்படித்தான்.

அவருடைய சுத்தியல் அக்கா வீட்டில் இருக்கிறது. கற்களை ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பிரித்து எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கரட்டுக்காகப் பேச அவருக்கு ஒரு வாய் இருந்தது. அது போய்விட்டது. இப்போது என் வாய் இருக்கிறது.